அம்மா பார்த்தது மலைச்சிங்கமா? உறுதியாகாத விலங்கைச் சுடலாமா?

வாசகி கேள்வி: சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் இருக்கிறோம். பின்வேலியைத் தாண்டினால் ஃபாரஸ்ட் ப்ரிசர்வ் என்கிற பாதுகாக்கப்பட்ட காடு. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்திருக்கும் என் அம்மா, போன வாரம் காலை ஆறு மணிக்கு அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு பெரிய பூனை விலங்கைப் பார்த்ததாகச் சொல்கிறார். "சிறுத்தை உடம்பு, ஆனா புள்ளி இல்ல. வால் தரை வரைக்கும் இருந்துச்சு" என்கிறார். முந்தின இரவு எங்கள் கேமராவில் நாலு நொடிக் காட்சி ஒன்று பதிவாகியிருக்கிறது, இணைத்திருக்கிறேன். மாநில இயற்கைவளத் துறைக்கு எழுதினோம். "உறுதிப்படுத்த முடியவில்லை" என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "அது அழிந்துபோன விலங்கு என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. இல்லாத விலங்குக்கு ஏது சட்டம்? இந்தப் பக்கம் வந்தால் சுட்டுவிடுவேன்" என்கிறார். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "ஊர்ல சிறுத்தையத் தொட்டாலே ஜெயிலு, இங்க என்ன இப்படிப் பேசறாரு?" என்று கேட்கிறார். அம்மா பார்த்தது என்ன? சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளைகளைப் பின்புறம் விளையாட விடலாமா?

காட்டுயிர் ஆய்வாளர் பதில்:

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் நாலு நாள் பொறுக்கும், துப்பாக்கி பொறுக்காது.

உங்கள் மாநிலமான இல்லினாய்ஸில் மலைச்சிங்கம் (பூமா, கூகர் என்பதும் இதைத்தான்) சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2015 ஜனவரி 1 முதல் மலைச்சிங்கம், சாம்பல் ஓநாய், கருங்கரடி ஆகிய மூன்றும் மாநிலத்தின் வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. மனிதருக்கோ கால்நடைக்கோ சொத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தால் கொல்லலாம் என்று விலக்கு உண்டு. உடனடி ஆபத்து இல்லை, ஆனாலும் தொந்தரவு தொடர்கிறது என்றால் துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். வேலியோரமாக நடந்து போகும் விலங்கு இந்த இரண்டிலும் சேராது. 2022 நவம்பரில் மெக்டோனா மாவட்டத்தில் மான் வேட்டைக்குப் போன ஒருவர் மலைச்சிங்கத்தைச் சுட்டார். அவர்மேல் வழக்குப் பதிவானது.

"உறுதியாகவில்லையே" என்பது அவருடைய வாதமாக இருந்தால், அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சட்டம் பாதுகாப்பது அந்த இனத்தை. துறை தன் பதிவேட்டில் ஏற்றிய விலங்குக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் சுட்டு, விழுந்தது மலைச்சிங்கம் என்றால், அந்த உடலே உறுதியான சான்று. அதைவிடப் பெரிய சான்று எங்கள் ஆய்வில் கிடையாது. விழுந்தது பாப்கேட் என்கிற, மலைச்சிங்கத்தைவிடச் சிறிய காட்டுப்பூனை என்றாலும் அவருக்குச் சிக்கல்தான். பாப்கேட் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், பருவம் உண்டு, எந்தெந்த மாவட்டத்தில் என்ற வரையறையும் உண்டு. பக்கத்துத் தெரு நாயாக இருந்தால் என்ன ஆகும் என்று அவரே யோசிக்கட்டும். மங்கிய வெளிச்சத்தில் மஞ்சள் நிற லாப்ரடார் நாயை மலைச்சிங்கம் என்று நினைத்து எங்களுக்கு வரும் புகார்கள் ஏராளம். இதற்கெல்லாம் மேலே, நகராட்சி எல்லைக்குள் துப்பாக்கி வெடிப்பதே பெரும்பாலான ஊர்களில் தடை.

"அழிந்துபோன விலங்கு" என்று அவர் சொல்வது பாதி உண்மை. கிழக்கத்திய மலைச்சிங்கம் என்ற ஓர் உள்ளினம் 1973 முதல் மத்திய அரசின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருந்தது. அது அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு 2011இல் அமெரிக்க மீன், வனவிலங்குப் பணியகம் வந்தது. 2018இல் பட்டியலிலிருந்தும் நீக்கியது. இவ்வளவு தூரம் அவர் சொல்வது சரி. ஆனால் நீங்கியது மத்திய அரசின் பாதுகாப்பு, அதுவும் அந்த உள்ளினத்துக்கு மட்டும். மேற்கே தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைகளிலும் நெப்ராஸ்காவிலும் குட்டி போட்டு வாழும் மலைச்சிங்கங்கள் அழியவில்லை. இல்லினாய்ஸுக்குள் நடந்து வருபவை அங்கிருந்து வருபவை. அவற்றைக் காப்பது மாநிலச் சட்டம், அதை 2018 அறிவிப்பு தொடவே இல்லை.

அம்மா கேட்டதுதான் உண்மையில் பெரிய கேள்வி. ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று. சிறுத்தை அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. பாபநாசம் மலையடிவாரத்தில் இறங்கும் சிறுத்தைக்கும் இமாசலத்தில் திரியும் சிறுத்தைக்கும் ஒரே பாதுகாப்பு. அதைப் பிடிப்பதென்றாலும் தலைமை வனவிலங்குக் காப்பாளர் உத்தரவு போட வேண்டும். தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் மட்டும் குற்றமாகாது.

அமெரிக்காவில் அப்படி இல்லை. மத்தியப் பட்டியலில் ஏறிய உயிரினத்துக்கு நாடு தழுவிய சட்டம் உண்டு, ஃபுளோரிடாவின் மலைச்சிங்கங்களுக்கு இருப்பதுபோல. மற்றவற்றை அந்தந்த மாநிலம் பார்த்துக்கொள்ளும். தெற்கு டகோட்டாவில் மலைச்சிங்கத்துக்கு வேட்டைப் பருவம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1990இல் மக்களே வாக்களித்து விளையாட்டு வேட்டையைத் தடை செய்தார்கள். இல்லினாய்ஸில் பாதுகாப்பு. நடுவில் இருக்கும் அயோவாவிலோ மலைச்சிங்கத்துக்கு மாநிலச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. பிளாக் ஹில்ஸிலிருந்து கிழக்கே கிளம்பும் ஓர் இளம் ஆண் விலங்கு பெரும்பாலும் அயோவாவைக் கடந்துதான் உங்கள் பக்கம் வர முடியும். மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் அதை ஒருவர் சுட்டால் கேட்க ஆளில்லை. நீந்தி இந்தப் பக்கம் ஏறிவிட்டால் சுட்டவர்மேல் வழக்கு. அரை மைல் தண்ணீரில் ஓர் உயிரின் மதிப்பு இப்படி மாறுவது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. அயோவாவும் இதில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

இல்லினாய்ஸுக்கும் இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. இங்கே 1870க்கு முன்பே மலைச்சிங்கத்தை ஒழித்துவிட்டார்கள். ஒழிந்த விலங்கைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று அப்புறம் யாருக்கும் தோன்றவில்லை. 2008 ஏப்ரலில் சிகாகோ நகரத்துக்குள், ராஸ்கோ வில்லேஜ் பகுதியின் ஒரு சந்தில், காவல்துறையினர் ஒன்றைச் சுட்டுக் கொன்றார்கள். 2013 நவம்பரில் வைட்சைட் மாவட்டத்தில், மாரிசன் ஊருக்கு வெளியே, ஒரு பண்ணையின் சோளக் களஞ்சியத்துக்கு அடியில் பதுங்கியிருந்த இன்னொன்றைத் துறை அதிகாரியே சுட்டார். அது யாரையும் தாக்கவில்லை. அப்போது சுட வேண்டாம் என்று தடுக்கச் சட்டமும் இல்லை. மக்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த ஆண்டே சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டம் வந்தபின் என்ன மாறியது என்பதற்கு 2022 அக்டோபரைப் பாருங்கள். நெப்ராஸ்காவில் கழுத்துப்பட்டை மாட்டிய ஒரு மலைச்சிங்கம் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக்குள் வந்துவிட்டது. பட்டையிலிருந்து வரும் சமிக்ஞையை வைத்து அதைக் கவனித்தார்கள். குடியிருப்புப் பகுதியில் தங்குகிறது என்று தெரிந்ததும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, இண்டியானாவில் உள்ள ஒரு பூனையினக் காப்பகத்துக்குக் கொண்டு போனார்கள். கூண்டு வாழ்க்கைதான், எனக்கும் அது முழு திருப்தி தரவில்லை. ஆனாலும் உயிர் தப்பியது. அதே மாதம் டிகால்ப் மாவட்டத்தில், ஐ-88 நெடுஞ்சாலையில் ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்தது. நீங்கள் வாரம் முழுக்கப் போய்வருகிற அதே சாலைதான்.

சரி, இப்போது "உறுதிப்படுத்த முடியவில்லை" என்ற பதிலுக்கு வருவோம். அம்மாவைப் பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை, அவருக்கு இதை நன்றாகப் புரியவையுங்கள். உறுதி என்று எழுதத் துறைக்குக் கையில் பிடிக்கிற ஏதாவது வேண்டும்: உடல், இடம் உறுதியான தெளிவான படம், டிஎன்ஏ, அல்லது அனுபவமுள்ளவர் நேரில் வந்து பார்த்த காலடித் தடம். கண்ணால் கண்டது எவ்வளவு நல்ல சாட்சியாக இருந்தாலும் இந்தப் பட்டியலில் வராது. துறை வேண்டுமென்றே மறைக்கிறது என்றும், மான்களைக் குறைக்க ரகசியமாக இவற்றை அவிழ்த்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு எல்லா மாநிலத்திலும் சுற்றுகிறது. அதில் உண்மை இல்லை. உறுதியானவற்றைத் துறைகளே வெளியிடுகின்றன.

கண்ணால் கண்டவர்கள் சொன்னது பின்னால் சரியென்று ஆனதும் உண்டு. 2011 ஜூன் தொடக்கத்தில் கனெக்டிகட்டின் கிரினிச் பகுதியில் மலைச்சிங்கத்தைப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். யாரோ வளர்த்துத் தப்பவிட்ட விலங்காக இருக்கும் என்பதே அதிகாரிகளின் முதல் யூகம். ஜூன் 11 அன்று மில்ஃபர்டில் ஒரு கார் மோதி ஓர் ஆண் மலைச்சிங்கம் இறந்தது. டிஎன்ஏவைப் பார்த்தால் பிளாக் ஹில்ஸ் வம்சம். மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் முன்பு எடுத்து வைத்திருந்த மாதிரிகளோடும் அது பொருந்தியது. 1,500 மைலுக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. சிகாகோவில் சுடப்பட்டதும் அப்படித்தான். 2008 ஜனவரியில் விஸ்கான்சினின் மில்டன் அருகே பனியில் சிந்திய கொஞ்சம் ரத்தம், அது எந்த வழியாக வந்தது என்று பின்னால் காட்டிக்கொடுத்தது. இந்த இரண்டு கதையிலும் உண்மையை நிலைநாட்டியது யாரோ பத்திரமாக எடுத்து வைத்த ஒரு துளி ரத்தமும் ஒரு பிடி எச்சமும்தான்.

உங்கள் நாலு நொடிக் காட்சியைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். அகச்சிவப்புப் படம் என்பதால் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எல்லாமே சாம்பலாகத்தான் தெரியும். விலங்கு இடமிருந்து வலமாகப் போகிறது. பின்பாகம் சட்டகத்துக்குள் வரும்போது செடி மறைக்கிறது, அதனால் வால் தெரியவில்லை. அது தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மலைச்சிங்கத்தின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வால். பாப்கேட்டுக்கு ஐந்தாறு அங்குல மொட்டை வால்.

நமக்குக் கிடைத்திருப்பது வேலி. அது நாலடி உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். விலங்கின் தோள் வேலியின் பாதிக்குச் சற்றுக் கீழே வருகிறது. அப்படியென்றால் இருபத்திரண்டு அங்குலம் போல. அது வேலியை ஒட்டி நடக்காமல் வீட்டுப் பக்கம் தள்ளி நடந்திருந்தால், கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதால் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், அதாவது உண்மையான உயரம் இன்னும் குறைவு. வளர்ந்த மலைச்சிங்கத்தின் தோள் இரண்டடிக்கு மேல் இருக்கும். ஆக, இந்தக் காட்சியில் இருப்பது பெரிய பாப்கேட்டாகவோ, நரி போன்ற கொயோட்டியாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

இந்தக் கணிப்பை நீங்களே சோதிக்கலாம். ஒரு குச்சியில் அரையடிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேமராவை நகர்த்தாமல், விலங்கு கால் வைத்த அதே இடத்தில் அந்தக் குச்சியை நட்டு, அதே கேமராவில் இரவில் பதிவு செய்யுங்கள். இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் உயரம் அங்குலக் கணக்கில் வந்துவிடும். அதிகாரிகள் நேரில் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்வார்கள்.

ஆனால் காட்சியில் இருப்பதும் அம்மா பார்த்ததும் ஒரே விலங்கு என்று நாம் ஏன் முடிவு கட்ட வேண்டும்? நடுவில் சில மணி நேரமாவது இருக்கிறது. அம்மா சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது வால். பயந்து போனவர்கள் "பெருசு, பெருசு" என்றுதான் சொல்வார்கள். இவர் உடம்பு, புள்ளி, வால் என்று வரிசையாகப் பிரித்துச் சொல்கிறார். விக்கிரமசிங்கபுரத்துக்காரர், சிறுத்தை ஊருக்குள் இறங்குகிற இடம், அவருக்கு இந்தப் பழக்கம் இருப்பதில் வியப்பில்லை. ஆகவே நான் அவர் சொன்னதைத் தள்ளவில்லை. கறுப்பு நிறம் என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன், ஏனென்றால் கருநிற மலைச்சிங்கம் இதுவரை எங்கும் உறுதியானதில்லை. உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் ஏதாவது வந்தால் மட்டும் பின்னணியைக் கவனியுங்கள். கொலராடோவில் யாரோ வீட்டு மரத்தளத்தில் எடுத்த படம் ஊர் ஊராகப் பெயர் மாற்றிச் சுற்றுவது வழக்கம்.

மலைச்சிங்கம் என்றே வைத்துக்கொள்வோம். அது உங்கள் வீட்டைத் தேடி வரவில்லை. ஒன்றரை, இரண்டு வயதில் இளம் ஆண்கள் தாயின் எல்லையைவிட்டு வெளியேறுகின்றன. பெட்டைகள் பெரும்பாலும் பக்கத்திலேயே தங்கிவிடும். இணையைத் தேடிக் கிழக்கே வருகிற ஆண், இல்லாத இணைக்காக நடந்துகொண்டே இருக்கிறது. இல்லினாய்ஸில் குட்டி போட்டு வாழும் கூட்டம் எதுவும் இல்லை. ஆனால் 2025 மார்ச்சில் மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் இரண்டு குட்டிகளைப் பார்த்து உறுதி செய்தார்கள். அந்த மாநிலத்தில் நூறாண்டுக்கு மேல் ஆகி நடந்த விஷயம். யாரோ ஒரு பெட்டையைச் சுடாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நான் மனமாரச் சந்தோஷப்பட்டேன். இதனால்தான் வழிப்போக்கனாக வரும் ஒற்றை விலங்கைக்கூட விட்டுவிட வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

பிள்ளைகள் விளையாடலாம். வட அமெரிக்கா முழுவதிலும் நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் மலைச்சிங்கம் தாக்கி இறந்தவர்கள் ஏறத்தாழ முப்பது பேர்தான். விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் மட்டும் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடக்கூடாது, ஓடினால் துரத்தத் தோன்றும். சின்னப் பிள்ளையைக் குனியாமல் தூக்கிக்கொள்ள வேண்டும். முதுகைக் காட்டாமல், கையை உயர்த்தி, சத்தமாகப் பேசியபடி பின்வாங்க வேண்டும். பாய்ந்தால் கையில் கிடைத்ததைக் கொண்டு அடிக்க வேண்டும்.

கடிதத்தின் கடைசியில், அம்மா தினமும் காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் மானுக்காக வேலியோரம் போடுவதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். காட்டு மானுக்குத் தீனி போடுவது இல்லினாய்ஸில் சட்டப்படி தடை. மான்கள் ஓரிடத்தில் கூடினால் நோய் பரவும் என்பது காரணம். மலைச்சிங்கத்தின் முதன்மை இரையும் மான்தான். மான் தினமும் வந்து நிற்கும் இடத்துக்கு மற்றதும் வரும். உயிருக்குச் சோறு போடக்கூடாது என்று நம் அம்மாக்களிடம் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுபடி கண்ணில் பட்டால் பின்தொடர வேண்டாம். அது போனபின் ஈரமண்ணில் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மலைச்சிங்கத் தடம் மூன்று அங்குலத்துக்கு மேல் அகலமிருக்கும், நகம் பொதுவாகப் பதியாது. நாய்த் தடத்தில் நகம் தெரியும். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். மழை வரும்போல இருந்தால் தடத்தின்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். முடியோ எச்சமோ கிடந்தால் கை படாமல் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி டிஎன்ஏ கெட்டுவிடும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் வீட்டுக் கேமராவும் அதே வேலியைத்தான் பார்க்கிறது, அந்த இரவின் பதிவைக் கேளுங்கள். உங்கள் செடி மறைத்த வால் அவர் பக்கத்திலிருந்து தெரிந்திருக்கலாம். பிறகு அம்மாவை உட்காரவைத்து, நாள், நேரம், வெளிச்சம், எவ்வளவு தூரம், எத்தனை நொடி, எந்தப் பக்கமாகப் போனது என்று அவர் வார்த்தையிலேயே எழுதி வாங்குங்கள். அதையும் குச்சி வைத்து எடுத்த பதிவையும் சேர்த்து, வைல்டுலைஃப் இல்லினாய்ஸ் இணையதளத்தில் உள்ள படிவத்தின் வழியே துறைக்கு மறுபடி அனுப்புங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் உயரக் கணக்கை நான் சரிபார்த்துத் தருகிறேன்.